கடவு வளைவில் நிற்கும் ஜீப்

ஜூன் 9, திங்கள்

ராதாமணி டீச்சர் இன்று ஊன்றுகோலை விட்டுவிட்டு நடந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, என் மேசை வரைக்கும். பிசியோதெரபி அறை வாசலில் நின்றிருந்த அவர் கணவர் ஹரிதாஸ் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலேஜில் பொருளாதாரம் நடத்திய மனிதர், அழுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது.

போன மழைக்காலத்தில், எங்கள் மேல்ரோட்டிலிருந்து கடவுக்கு, அதாவது படகுத்துறைக் குடியிருப்புக்கு, இறங்குகிற வளைவில்தான் ஒரு பைக் டீச்சரை இடித்துப் போட்டது. இடுப்பெலும்பு. ஓட்டியவன் கீழே கடவுக்காரப் பையன், ஹெல்மெட்டும் இல்லை, லைசென்சும் இல்லை. பிறகு வந்த புது எஸ்.ஐ. தினராஜ் அந்த வளைவிலேயே ஜீப்பைப் போட்டு, காலையும் மாலையும் சோதனை நடத்துகிறார். நல்லதுதான். ஸ்கூல் விடும் நேரத்தில்கூட இப்போது சாலையைப் பயமில்லாமல் கடக்கலாம்.

ஜூன் 18, புதன்

மழையங்கியைத் தேடுகிற அவசரத்தில் ஹெல்மெட்டை மறந்துவிட்டேன். வளைவுக்கு வந்த பிறகுதான் தலையில் மழை விழுவது தெரிந்தது. போலீஸ்காரர் கையைக் காட்டினார். நிறுத்தினேன். எஸ்.ஐ. ஜீப்புக்குள்ளிருந்தே பார்த்துவிட்டு, “ஆஸ்பத்திரி சேச்சிதானே, போகட்டும்” என்றார்.

எனக்கு முன்னால் ஒரு ஆளை நிறுத்தி வைத்திருந்தார்கள். மீன்கூடை கட்டிய வண்டி. தலையில் ஹெல்மெட் இருந்தது, கையில் எல்லாத் தாள்களும் இருந்தன. புகைச் சான்றிதழ் நனைந்துபோய் எழுத்துத் தெரியவில்லையாம். கூடையில் பனிக்கட்டி கரைந்து ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நான் போகும்போது அவர் என் தலையைப் பார்த்தார். முகத்தை அல்ல, தலையை.

ஜூன் 30, திங்கள்

வர்க்கிச்சனின் மகளுக்கு இன்று கல்யாணம். நேற்று முன்னிரவு விருந்து. எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் வீட்டு விசேஷம், மேல்ரோடே அங்கேதான். கானமேளாப் பாட்டுக் கச்சேரி முடியும்போது எந்த நேரமோ, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டே இருந்தது. ஜீப்பும் வந்தது. எஸ்.ஐ. பிரியாணி சாப்பிட்டு, பெண்ணை ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

போன வாரம் கடவு வாசகசாலை ஆண்டு விழாவில் மைக் செட்டைப் பத்து மணிக்கு முன்பே பிடுங்கிக்கொண்டு போனார்கள். சட்டப்படி பத்து வரைக்கும் அனுமதி உண்டு.

என் கணவர் சுகுணேட்டனிடம் இதைச் சொன்னேன். காலையில் தன் ரிப்பேர் கடையில் பம்பு மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தலை நிமிராமல், “நம்ம தூக்கம் கெட்டதுக்கு நீ கேஸ் கொடுக்கப் போறியா?” என்றார். இல்லை. சும்மா சொன்னேன்.

சும்மாவா சொன்னேன்?

ஜூலை 6, ஞாயிறு

போலீசும் ஊர்க்காரர்களும் சேர்ந்து உட்காரும் மாதக் கூட்டம், கடவு ஆரம்பப் பள்ளியில். வழக்கமாக யாரும் போவதில்லை. இன்று பெஞ்சு நிறைந்துவிட்டது. மேல்ரோட்டுக்காரர்கள் ஒரு பக்கம், கடவுக்காரர்கள் மறுபக்கம். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை.

எழுந்தவர் அனிருத்தன். கடவில் போட்டோஸ்டாட் கடை வைத்திருப்பவர், வாசகசாலைச் செயலாளர். குரலை உயர்த்தவே இல்லை. பிடிபடுகிறவர்களில் மேல்ரோட்டுக்காரர் ஒருவர்கூட ஏன் இல்லை என்று கேட்டார்.

வர்க்கிச்சன் உட்கார்ந்தபடியே, “நாங்க ஹெல்மெட் போடறோம். நீங்க போடறதில்ல. இதுல என்ன கணக்கு?” என்றார். எங்கள் பக்கம் சிரித்தார்கள். என் தலையில் அந்த மழை மறுபடி விழுந்தது மாதிரி இருந்தது.

“அப்ப ஒண்ணு செய்யலாம் சாரே,” என்றார் அனிருத்தன், எஸ்.ஐ.யைப் பார்த்து. “ஒரு வாரம் ஜீப்பை மேல சர்ச் வாசல் பக்கம், அந்தோனியார் குருசடிகிட்ட நிறுத்துங்க. சட்டம் சரியில்லன்னு நான் சொல்லல. அது எங்க நிக்குதுன்னு மட்டும்தான் கேக்கறேன்.”

ஹரிதாஸ் சார் எழுந்துவிட்டார். தன் மனைவி விழுந்து கிடந்தது சர்ச் வாசலில் அல்ல, வளைவில் என்றார். ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் காவல் நிற்கும், அதைப் பாகுபாடு என்று சொல்வது நன்றிகெட்டதனம் என்றார். அவர் சொன்னதிலும் பிழை இல்லை. அதுதான் கஷ்டம். அனிருத்தன் தலைகுனிந்து, “டீச்சருக்கு நடந்தது எங்களுக்கும் வெக்கம்தான் சார்” என்றார்.

எஸ்.ஐ. சிரித்த முகமாகவே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் அனிருத்தனிடம் முழுப் பேரையும் வீட்டுப் பேரையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். “நல்ல யோசனை சொன்னவரை மறக்கக் கூடாதில்லையா” என்றார்.

மறுபடியும் எங்கள் பக்கம் சிரிப்பு. இந்த முறை கொஞ்சம் குறைவாக.

ஜூலை 12, சனி

அனிருத்தன் கடைப்பலகை நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கிறதென்று அகற்றிவிட்டார்கள். பக்கத்து இறைச்சிக் கடைப் பலகை அதைவிட நீளம். அது அங்கேயே இருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

கர்க்கடக வாவு, ஆடி அமாவாசை. இறந்துபோன அப்பாவுக்குப் பலிதர்ப்பணம் செய்யக் காலையிலேயே கடவுக்குப் போனோம். மழை சற்று ஓய்ந்திருந்தது. ஈர வேட்டியும் தர்ப்பையுமாகக் கரை முழுக்க ஆட்கள்.

நாங்கள் மூழ்கி எழுந்து வரும்போது மேலே சத்தம். தர்ப்பணத்துக்கு வந்தவர்களின் வண்டிகளை வளைவு ஓரத்தில் நிறுத்தக் கூடாதென்று போலீஸ் சக்கரங்களுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. வேறெங்கே நிறுத்துவது? வருஷா வருஷம் அங்கேதான். வரிசையில் வர்க்கிச்சனின் பெரிய காரும் நின்றது. அதற்குப் பூட்டு இல்லை.

அனிருத்தன் அப்போதுதான் தன் அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்துவிட்டுப் படியேறி வந்திருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. “சாரே, அந்தக் காருக்கும் போடுங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

பணியைத் தடுத்ததாகச் சொல்லி, அந்த ஈர வேட்டியோடேயே ஜீப்பில் ஏற்றினார்கள். அவருடைய அம்மா பங்கஜாக்ஷியம்மா, இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை பார்க்கிறவர், மாற்று வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தார். ஓடவில்லை. நடந்தார்.

நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். காக்கைகள் மட்டும் பலிச்சோற்றுக்கு இறங்கிக்கொண்டிருந்தன.

ஜூலை 25, வெள்ளி

நேற்று சாயங்காலமே ஜாமீனில் விட்டுவிட்டார்களாம். அப்பாடா.

ஜூலை 28, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

தோளைத் தூக்க முடியவில்லை என்று அனிருத்தனை டாக்டர் என் அறைக்கு அனுப்பியிருந்தார். ஜீப்பிலிருந்து இறங்கும்போது விழுந்தது என்று சீட்டில் எழுதியிருந்தது. அம்மாவும் கூட வந்திருந்தார். அனிருத்தன் நடந்து வந்த விதம்தான் முதலில் என் கண்ணில் பட்டது. பாதத்தின் வெளி விளிம்பை மட்டும் ஊன்றி, சூட்டுமணலில் நடப்பது மாதிரி.

படுக்கச் சொல்லி, செருப்பைக் கழற்றினேன். வேண்டாம் சேச்சி, தோள்தான் என்றார். அதற்குள் பார்த்துவிட்டேன். இரண்டு உள்ளங்காலும். ஒரே மாதிரி. குதிகாலிலிருந்து விரலடி வரைக்கும் கருநீலம். முழங்காலில் ஒரு கீறல் இல்லை, உள்ளங்கையில் ஒரு சிராய்ப்பு இல்லை.

“எப்படி ஆச்சு?”

“விழுந்தேன்.”

அம்மா சுவரில் ஒட்டியிருந்த முதுகெலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் விஷயத்தை டாக்டரிடம் சொன்னேன். “தோளைப் பாருங்க பிரமீளா. அதுக்குத்தான் அனுப்பினேன்” என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சங்கக் கூட்டம், வர்க்கிச்சன் வீட்டு முன்னறையில். சுதந்திர தினத்தன்று எஸ்.ஐ.க்குப் பொன்னாடை போர்த்தி மரியாதை செய்வதென்று தீர்மானம். விபத்தே இல்லாத ஊராக ஆக்கியதற்கு.

நான் கேட்டேன் — எப்படிக் கேட்டேனோ — போலீஸ் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துகிறதா என்று முதலில் பேச வேண்டாமா? எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். திருட்டு குறைந்திருக்கிறது. ஸ்கூல் பிள்ளைகள் பத்திரமாகப் போகிறார்கள். கடவில் கஞ்சா இருக்கிறது, யாருக்குத்தான் தெரியாது. கொஞ்சம் கண்டிப்பு இல்லாமல் எதுவும் நடக்காது. வர்க்கிச்சன் மட்டும் சிரித்துக்கொண்டே, “சேச்சியையும் ஒரு நாள் ஹெல்மெட் இல்லாம விட்டாங்களாமே. அன்னைக்கு இந்தக் கேள்வி வரலையே?” என்றார்.

அவருக்கு யார் சொன்னது? என்னை விடச் சொன்னது எஸ்.ஐ.தான்.

நன்றியுரை நான் சொல்ல வேண்டுமாம். ஏகமனதாக.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, பொன்னாடை போர்த்தியாயிற்று. என்னைக் கூப்பிட்டார்கள். நன்றி என்று ஆரம்பிக்கத்தான் மைக்கைப் பிடித்தேன். வாயில் வேறு வந்தது.

“தினமும் விழுந்தவங்களைப் பாக்கறவ நான். விழுந்தா முழங்கால் தேயும், உள்ளங்கை கிழியும். போன மாசம் ஒருத்தர் வந்தார். அதெல்லாம் ஒண்ணுமே இல்ல. ரெண்டு உள்ளங்காலும் மட்டும் கருநீலமா வீங்கியிருந்தது. ஜீப்பிலிருந்து விழுந்தாராம். எஸ்.ஐ. சார் அது எப்படின்னு சொன்னா, அப்புறம் நான் நன்றி சொல்றேன்.”

காற்றில் கொடிக்கயிறு கம்பத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எஸ்.ஐ. பொன்னாடையை மடித்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். சிரித்துக்கொண்டேதான் இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சுகுணேட்டன் கதவைச் சாத்தினார். “பேர் சொல்லல, சரி. ஊருக்கே தெரியும் யாருன்னு. அவன்கிட்டக் கேட்டியா?” என்றார்.

கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பேப்பரில் உள்பக்கத்தில் சின்னதாக வந்திருக்கிறது. என் பேரோடு.

ஆகஸ்ட் 18, திங்கள்

எஸ்.ஐ. வீட்டுக்கு வந்தார். சீருடை இல்லை, வெள்ளை வேட்டி. சுகுணேட்டன் கடையில் இருக்கும் நேரம் தெரிந்தே வந்திருப்பார். பால் இல்லாத கட்டன் சாயா கேட்டு வாங்கிக் குடித்தார். சுவரில் இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்து எந்த வருஷம் தவறினார் என்று கேட்டார். பெங்களூரில் நர்சிங் படிக்கிற மகளைப் பற்றிக் கேட்டார். எந்த ஹாஸ்டல் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

போகும்போது படியில் நின்று, “சேச்சி பாக்கறது எலும்பு, நரம்பு. காரணம் எழுதறது டாக்டர் வேலை. எல்லாரும் அவங்கவங்க வேலையைப் பார்த்தா ஊர் நல்லாருக்கும்” என்றார்.

டம்ளரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். மகளுக்குப் போன் செய்தேன், மூன்று தடவை. நான்காவது தடவை எடுத்தாள். குளித்துக்கொண்டிருந்தாளாம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சுகுணேட்டன் கடை வாசலில் வண்டி நிறுத்தக் கூடாதென்று புதுப் பலகை. அந்த வரிசையில் அந்த ஒரு கடைக்கு மட்டும். மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டா ஆட்கள் வருவார்கள்?

ஆகஸ்ட் 22, வெள்ளி

ராதாமணி டீச்சர் பயிற்சிக்கு வரவில்லை. திங்களும் வரவில்லை, இன்றும் வரவில்லை. இப்போது நிறுத்தினால் அந்தக் கால் இறுகிப்போகும். ஹரிதாஸ் சாருக்குப் போன் செய்தேன். வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்றார். பிறகு, வைக்கப் போகிறவர் வைக்காமல், “என் பொண்டாட்டி ரோட்டுல கிடந்தப்போ நியாயம் கேட்டு யாரும் மைக் பிடிக்கல பிரமீளா” என்றார்.

உண்மைதானே.

ஆகஸ்ட் 30, சனி

சுகுணேட்டனை இந்த வாரம் தினமும் நிறுத்துகிறார்கள். எல்லாத் தாளும் சரியாக இருக்கிறது. அதனாலேயே நேரம் எடுத்துப் பார்க்கிறார்கள். இன்று டயரின் தேய்மானத்தை விரலால் தடவிப் பார்த்தார்களாம். மேல்ரோட்டுக்காரர்கள் பக்கத்திலேயே தாண்டிப் போகிறார்கள். சிலர் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை.

என்னை நிறுத்துவதே இல்லை. “போங்க சேச்சி” என்று வழிவிடுகிறார்கள். சுகுணேட்டன் ஓரத்தில் நிற்க, நான் அவரைத் தாண்டிப் போக வேண்டும். அதைத்தான் விரும்புகிறார்கள்.

செப்டம்பர் 5, வெள்ளி

திருவோணம். மகள் வரவில்லை, வர வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பாயசம் வைத்தேன். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புவது வழக்கம். இந்த வருஷம் யாருக்குக் கொடுப்பது? சுகுணேட்டன் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, மீதியை வீணாக்க வேண்டாமென்று மூன்றாவதையும் குடித்தார். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. நான் தடுக்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

அனிருத்தனின் தம்பி ஆட்டோ ஓட்டுகிறான். நேற்று வளைவில் சோதனை போட்டு, இருக்கைக்கு அடியில் கஞ்சாப் பொட்டலம் இருந்ததாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பீடிகூடக் குடிக்காத பையன் என்று ஆஸ்பத்திரியில் கடவுப் பெண்கள் சொன்னார்கள். என்னிடம் அல்ல, தங்களுக்குள். நான் போனதும் பேச்சு நின்றது.

செப்டம்பர் 18, வியாழன்

தம்பியை விட்டுவிட்டார்கள். வழக்கு எதுவும் இல்லை. ஆச்சரியம்.

மத்தியானம் அனிருத்தன் வந்தார். தோள் இப்போது நன்றாக உயர்கிறது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. போலீஸ் மேல் வரும் புகார்களை விசாரிக்கிற ஆணையம் பேப்பரில் வந்ததைப் பார்த்துத் தானாகவே விசாரணை எடுத்திருக்கிறதாம். தனக்கும் எனக்கும் அழைப்பு வரும் என்றார். விழுந்ததுதான் என்று நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

“நீங்களும் அப்படிச் சொல்லுங்கன்னு கேக்க வந்தேன்.”

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

“நீங்க நல்லதுக்குத்தான் பேசினீங்க சேச்சி. ஆனா பேசிட்டு மேல்ரோட்டுக்கு ஏறிப் போயிட்டீங்க. நான் வளைவுலதான் இறங்கணும். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்.”

ஆமாம், கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். பேசியிருக்க மாட்டேன். பொன்னாடை போர்த்தி, மிட்டாய் தின்று வீட்டுக்கு வந்திருப்பேன். எது சரி? யாராவது சொல்லுங்களேன்.

செப்டம்பர் 27, சனி

அழைப்பு வந்துவிட்டது. அக்டோபர் எட்டு, மாவட்டத் தலைநகரில்.

அக்டோபர் 5, ஞாயிறு

அடி வாங்கியவரே அடி இல்லை என்கிறார். நான் மட்டும் போய் உண்டு என்றால் யார் நம்புவார்கள்? நம்பினால் அந்தத் தம்பியை மறுபடி தூக்குவார்கள். நம்பாவிட்டால் என்னைப் பொய்க்காரி என்பார்கள். இரண்டில் எதுவானாலும் வளைவில் ஜீப் நிற்கும்.

சுகுணேட்டனிடம் கேட்டேன், போகட்டுமா வேண்டாமா. கடையில் வேலை இல்லாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார் இப்போதெல்லாம். “நீ பார்த்தியா?” என்றார்.

“பார்த்தேன்.”

“அப்ப என்கிட்ட ஏன் கேக்கறே?”

கோபமா, வேறேதாவதா, தெரியவில்லை.

அக்டோபர் 8, புதன்

காலையில் சுகுணேட்டன் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவிட வந்தார். வளைவில் நிறுத்தினார்கள். தாள்களை ஒவ்வொன்றாக வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்தார் போலீஸ்காரர். எஸ்.ஐ. ஜீப்பில் சாய்ந்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தார். பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அது போன பிறகுதான் தாள்கள் கைக்கு வந்தன.

அடுத்த பஸ் கடவு வழியாகச் சுற்றிப் போவது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். திரும்பிப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. நேரமாகிவிட்டது, பஸ் தவறிவிட்டது, போதாதா ஒரு காரணம்?

கடவு நிறுத்தத்தில் பங்கஜாக்ஷியம்மா ஏறினார். வெள்ளை முண்டு, சலவை செய்த ரவிக்கை. கொட்டகைக்குப் போகிறவர் உடுத்துவதல்ல. என்னைப் பார்த்தார். பஸ்ஸில் இடம் நிறைய இருந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் இறால் வாடை.

பாலம் தாண்டிய பிறகுதான் கேட்டேன், எங்கே போகிறீர்கள் என்று.

“நீ போற எடத்துக்குத்தான்.”

“அனிருத்தனுக்குத் தெரியுமா?”

“தெரியாது. அவன் விழுந்தேன்னு எழுதிக் கொடுத்திருக்கான். எழுதட்டும். அவனுக்குத் தம்பி இருக்கான், பயம் இருக்கு.” கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். “அந்தக் காலுக்கு ராவும் பகலும் எண்ணெய் போட்டது நானு. என்னை யாரும் ஒண்ணும் எழுதச் சொல்லல.”

இறங்கும் வரை அவர் தோள் என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. நான் விலகிக்கொள்ளவில்லை.

ஆணையத்தின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்கள் ஊரிலிருந்து வேறு யாரும் வரவில்லை. எஸ்.ஐ.யின் வக்கீல் மட்டும் கதவருகே நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பங்கஜாக்ஷியம்மாவை யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

உள்ளேயிருந்து என் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்க முழங்காலில் கையை ஊன்றினேன். அதற்குள் பங்கஜாக்ஷியம்மா எழுந்து, முண்டின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு, கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போயிருந்தார்.